சொந்தக் காசை அடகு வைத்து வாங்கிய கிரெடிட் கார்டு: நாலு வருடம் வைத்திருந்து பார்த்ததில்

“நம்ம காசை அவன்கிட்ட குடுத்துட்டு, அதையே அவன்கிட்ட கடனா வாங்கறதா? என்ன கூத்து கண்ணு இது?”

2022 ஜனவரியில், மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, எஃப்.டி., அதாவது ஃபிக்ஸட் டெபாசிட், போட்டு கிரெடிட் கார்டு வாங்கப்போகிறேன் என்றதும் அம்மா கேட்டது இது. நியாயமான கேள்விதான். எனக்கு அப்போது பதில் தெரியாது, “சிபில் ஸ்கோர் வரும்மா” என்று, கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று காட்டுகிற அந்த மதிப்பெண்ணைப் பற்றி எதையோ சொல்லிச் சமாளித்தேன். கிட்டத்தட்ட நாலு வருடம் அந்தக் கார்டை வைத்திருந்து, அதில் ஒரு தடவை நன்றாக அடியும் வாங்கி, அப்புறம் வேலைக்குச் சேர்ந்து சம்பளக் கணக்கோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு கார்டையும் பார்த்துவிட்டதால் இப்போது கொஞ்சம் பதில் சொல்ல முடியும். கல்லூரியில் படிக்கிறவர்கள், இப்போதுதான் வேலையில் சேர்ந்தவர்கள் யாராவது “வாங்கலாமா வேண்டாமா” என்று யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சரக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். 18 வயது ஆனாலும் மாணவருக்குச் சாதாரண கிரெடிட் கார்டு கிடைப்பது கஷ்டம், பல வங்கிகள் 21 வயதும் மாத வருமானமும் கேட்கும். அதற்கு மாற்றாக ஒரு தொகையை எஃப்.டி.யில் போட்டால், வங்கி அதன்மேல் லீன் போட்டுக்கொண்டு, அதாவது நீங்கள் அதை எடுக்க முடியாதபடி பிடித்து வைத்துக்கொண்டு, அந்தத் தொகையில் 80, 90 சதவீதம் அளவுக்கு லிமிட் வைத்து ஒரு கார்டு தரும். எஃப்.டி.க்கு வட்டி அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் பில் கட்டாமல் ஓடிவிட்டால் எஃப்.டி.யை உடைத்து எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நகைக்கடன் மாதிரிதான் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். எஸ்.பி.ஐ. கார்டில் உன்னதி, ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்டில் வாவ், கோடக் 811-இல் ட்ரீம் டிஃப்ரன்ட் என்று ஆளுக்கொரு பெயரில் இந்த வகைக் கார்டுகள் வந்திருக்கின்றன. என்னுடையது இந்த மூன்றும் இல்லை, எது என்று சொல்லவும் போவதில்லை.

காசு எங்கிருந்து வந்தது? அம்மா சீட்டு எடுத்து லேப்டாப்புக்கு என்று 40,000 கொடுத்திருந்தார். காந்திபுரத்தில் ஒரு கடையில் செகண்ட் ஹேண்டில் 22,000-க்கே நல்ல லேப்டாப் கிடைத்துவிட்டது. மிச்சம் 18,000, இன்டர்ன்ஷிப்பில் வந்த 7,000, ஆக 25,000. ப்ராஜெக்டுக்கு கிளவுட் சர்வர் கணக்கு திறக்க வேண்டியிருந்தது, அதற்கு டெபிட் கார்டைப் போட்டால் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன் என்றது, அதனால்தான் கார்டு வாங்கினேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் பாதிக் காரணம் அது. மீதிப் பாதி, ஹாஸ்டலில் இரண்டு சீனியர்கள் பர்ஸைத் திறக்கும்போது தெரிகிற அந்தக் கருப்பு கார்டு.

அந்த சீனியர்கள் வைத்திருந்தது வேறு வகை. எஃப்.டி. எதுவும் கேட்காமல், ஆப்பில் கல்லூரி ஐ.டி.யைப் போட்டால் சில ஆயிரம் லிமிட் தருகிற ஸ்டார்ட்அப் கார்டு. ஸ்லைஸ் மாதிரிக் கம்பெனிகள் அப்போது மாணவர்கள் மத்தியில் ரொம்பப் பிரபலம். பார்ப்பதற்கு கிரெடிட் கார்டு, உள்ளே இருந்தது ப்ரீபெய்டு கார்டு, அதில் கடனை ஊற்றி நிரப்பிக் கொடுத்தார்கள். 2022 ஜூனில் ரிசர்வ் வங்கி, ப்ரீபெய்டு கார்டில் கடன் பணத்தை ஏற்றக் கூடாது என்று சொன்னதும் அந்த ஆட்டம் முடிந்தது. சீனியர்கள் பர்ஸில் கருப்பு கார்டு சும்மா அழகுக்குக் கிடந்தது. என்னுடையது வேலை செய்துகொண்டிருந்தது, அதில் எனக்கு அற்ப சந்தோஷம் உண்டு.

கிளையில் முதலில் உட்கார்ந்திருந்த மேடம் “வேலைக்குப் போனதுக்கு அப்புறம் வாம்மா” என்று அனுப்பிவிட்டார். எஃப்.டி.மேல் கார்டு தருவது அவருக்கே தெரியவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த சார்தான் கூப்பிட்டு பாரம் கொடுத்தார். பான், ஆதார், ஒரு போட்டோ, அரை மணி நேரத்தில் முடிந்தது. இப்போதெல்லாம் ஆப்பிலேயே வீடியோ கே.ஒய்.சி. முடித்துவிடலாம், கிளைக்குப் போகவே தேவையில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனியுங்கள்: ஹாஸ்டலில் இருப்பவர்கள் கார்டு எந்த முகவரிக்கு வரும் என்று முன்னாடியே கேட்டுவிடுங்கள். என்னுடையது ஆதாரில் இருக்கிற கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊருக்குப் போய், அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கி, பத்து நாள் கழித்து கோயம்புத்தூர் வந்த மாமா கையில் முறுக்கு டப்பாவுக்குள் வைத்துக் கொடுத்துவிட்டார். லிமிட் 22,500. வருடக் கட்டணம் கிடையாது.

கார்டு வந்ததும் ஆன்லைனில் போட்டால் வேலை செய்யாது, பதற வேண்டாம். புதுக் கார்டில் ஆன்லைன், வெளிநாடு, கடை மெஷினில் தட்டிக் கட்டுவது மூன்றும் அணைந்தே வர வேண்டும் என்பது 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. ஆப்பில் போய் நாமே திறந்துகொள்ள வேண்டும். இதில் ஆன்லைனை மட்டும் திறந்து, அதற்கும் 3,000 ரூபாய் என்று உச்சம் வைத்தேன். தட்டிக் கட்டுவதை இன்றுவரை திறக்கவில்லை. 5,000 ரூபாய் வரைக்கும் பின் நம்பரே கேட்காது, பஸ்ஸில் கூட்டத்தில் போகிற எனக்கு அந்தச் சௌகரியம் வேண்டாம்.

முதல் ஆறு, ஏழு மாதம் பிரமாதமாகப் போனது. என்.பி.டி.இ.எல். ஆன்லைன் படிப்புக்குத் தேர்வுக் கட்டணம் 1,000, ஊருக்குப் போக பஸ் டிக்கெட், மொபைல் ரீசார்ஜ், எப்போதாவது ஸ்விகி. பில் மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் தாண்டாது. எனக்கு ஸ்டேட்மெண்ட் 5-ஆம் தேதி, கட்ட வேண்டிய கடைசித் தேதி 25. 6-ஆம் தேதி ஒரு பொருள் வாங்கினால் அடுத்த மாதம் 25 வரைக்கும், அதாவது 50 நாள், ஒரு பைசா வட்டி இல்லாமல் அவர்கள் காசில் ஓட்டலாம். அதே பொருளை 4-ஆம் தேதி வாங்கினால் 21 நாள்தான். இதைக் கண்டுபிடித்த மாதம் எனக்கு நான் பெரிய புத்திசாலி என்று நினைப்பு. இரண்டு நாள் பொறுத்து வாங்கு என்று வகுப்பில் பாதிப் பேருக்குப் பாடம் எடுத்தேன்.

அப்புறம்தான் கொடைக்கானல் வந்தது.

நாலாம் வருடம் அக்டோபரில் ஆறு பேர் கிளம்பினோம். தங்குமிடம் 8,400 ரூபாய். “மொத்தமா நான் கார்டுல போட்டுடறேன், எனக்கு ஜிபே பண்ணிடுங்க.” இந்த ஒரு வாக்கியம்தான் நம் வயதுக்காரர்கள் கார்டில் மாட்டிக்கொள்கிற வாசல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனென்றால் அது கடன் மாதிரியே தெரியாது. ஐந்து பேரும் ஒழுங்காக ஆளுக்கு 1,400 அனுப்பினார்கள், அதில் குறை இல்லை. ஆனால் அந்த 7,000 வந்து விழுந்தது என் சேமிப்புக் கணக்கில். பில் வருவதோ மாதம் கழித்து. நடுவில் தீபாவளி. கணக்கில் பணம் இருக்கிறதே என்று தங்கைக்கு ஒரு சுடிதார், எனக்கு ஒன்று, பஸ் செலவு. பணம் கரைந்தது, கடன் அப்படியே நின்றது. கொடைக்கானலுக்கு முன்பு வாங்கின ஷூ, கல்ச்சுரல்ஸுக்கு எடுத்த வாடகை உடை எல்லாம் சேர்ந்து ஸ்டேட்மெண்ட் 14,200 என்று வந்தபோது கணக்கில் மூவாயிரம் கூட இல்லை.

ஆனால் ஆப் பதறவில்லை. “மினிமம் டியூ 710 ரூபாய்” என்று பச்சை நிறத்தில், புள்ளியும் ஏற்கெனவே அதற்கு நேராக வைத்தே இருந்தது. முழுத்தொகை என்பது அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில். அப்பாடா, 710 தானே என்று கட்டினேன். அடுத்த ஸ்டேட்மெண்டில் பார்த்தால் வட்டியும் அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து 650 ரூபாய் சொச்சம். கட்டியது 710, கடன் குறைந்தது ஐம்பத்துச் சொச்சம். நான் ஏதோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள் என்று கஸ்டமர் கேருக்கு அழைத்து, இருபது நிமிடம் பாட்டுக் கேட்டு, கடைசியில் பேசியவரிடம் சண்டை போட்டேன். அவர் பாவம், பொறுமையாக விளக்கினார். முழுத்தொகையையும் கட்டாவிட்டால் அந்த 50 நாள் சலுகை மொத்தமாகப் போய்விடும். வட்டி கடைசித் தேதியிலிருந்து ஓடாது, ஒவ்வொரு பொருளையும் வாங்கிய நாளிலிருந்து ஓடும். அதோடு நிற்காது. பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குகிற ஒவ்வொன்றுக்கும், ஒரு முப்பது ரூபாய் நோட்டுப் புத்தகத்துக்குக்கூட, வாங்கிய நாளிலிருந்தே வட்டி. மினிமம் டியூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபிலில் கறுப்புப் புள்ளி விழாது, அவ்வளவுதான். கடனைத் தீர்ப்பதற்கு வைத்த தொகையே இல்லை அது.

இதற்கு என் கார்டில் மாதம் 3 சதவீதம். எஃப்.டி. கார்டு என்பதால் கொஞ்சம் குறைவாம். சாதாரண கார்டுகளில் மூன்றரை, மூன்றே முக்கால் சகஜம்.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கணக்கும் வங்கிக் கணக்கும் முட்டிக்கொண்டது. மூன்று மாதம் இப்படி இழுத்துவிட்டு, பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை வட்டி?”

“மூணு.”

அம்மா மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவர். எங்கள் பக்கம் ஒரு வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய். வங்கியில் நகைக்கடன் வைத்தால் ஒரு வட்டிக்கும் கீழே வரும். இரண்டு வட்டி என்றால் தெரிந்தவர்களிடம் கைமாற்றாக வாங்குவது. மூன்று வட்டிக்கு ஒருவர் கடன் வாங்குகிறார் என்றால் ஊரில் அவரைப் பற்றி மெல்லிய குரலில் பேசுவார்கள். “மூணு வட்டிக்கா வாங்குன? செருப்பு வாங்கறதுக்கா?” என்றார். ஷூ என்று திருத்த எனக்குத் தைரியம் இல்லை. வருடம் 36 சதவீதம் என்று படித்தபோது எனக்கு உறைக்காதது, அந்த “மூணு வட்டி”யில் உறைத்தது. அதனால் என் முதல் யோசனை இதுதான், கார்டு பாரத்தில் வருட வட்டி என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காதீர்கள், மாதக் கணக்குக்கு மாற்றி எத்தனை வட்டி என்று வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஜி.எஸ்.டி.யையும் சேர்த்தால் மூன்றரை வட்டிக் கார்டு நான்கு வட்டியைத் தாண்டிவிடும்.

கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்துவிட்டது. கார்டு வட்டி வருடம் 30 சதவீதத்தைத் தாண்டினால் அது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையமும் 2008-இல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே இப்போது அந்த 30 சதவீத உச்சமும் இல்லை. வட்டி உயர்வாக இருக்கிறதே என்று வங்கியிடம் அழுவதில் பலன் கிடையாது, வட்டி கட்டுகிற இடத்துக்கே போகாமல் இருப்பதுதான் வழி.

அம்மா கொடுத்த பணத்தில் மொத்தமாக அடைத்தேன். அடைத்த கையோடு ஆட்டோ பே போட்டேன். அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது: ஆட்டோ பே போடும்போது முன்கூட்டியே டிக் ஆகியிருந்தது “மினிமம் டியூ”. அதை மாற்றி “டோட்டல் டியூ” என்று போட வேண்டும். இந்த ஆப் செய்தவர்கள் ஒவ்வொரு திரையிலும் நான் கொஞ்சமாகக் கட்ட வேண்டும் என்பதில் எவ்வளவு அக்கறை காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆப்புக்கு மட்டும் தனியாக மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு ஒன்றுதான் போடுவேன்.

நல்லதும் சொல்ல வேண்டும். ஒரு தடவை 25-ஆம் தேதி கணக்கில் பணம் போதாமல் ஆட்டோ பே தவறிவிட்டது. 27-ஆம் தேதி கையால் கட்டினேன், தாமதக் கட்டணம் போடவில்லை. கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது, அதை ஒழுங்காகப் பின்பற்றினார்கள். அதற்காகப் பழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து கார்டு இரவல். பிளிப்கார்ட், அமேசான் தள்ளுபடி நாட்களில் “உன்கிட்ட அந்த பேங்க் கார்டு இருக்கா? 10 பர்சென்ட் கம்மியாகும்” என்று ஒன்றுவிட்ட வகுப்புக்காரர்கள்கூட நலம் விசாரிப்பார்கள். நானும் ஒரு தோழிக்கு 19,000-க்கு போன் வாங்கிக் கொடுத்தேன். அவள் பணத்தைச் சொன்ன தேதிக்கு முன்பே தந்துவிட்டாள், ஆனால் 22,500 லிமிட்டில் 19,000 போய்விட்டதால் அந்த மாதம் என் சிபில் ஸ்கோர் 20 புள்ளிக்கு மேல் இறங்கியது. லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் செலவழிப்பது ஸ்கோருக்கு நல்லது என்பார்கள். 22,500-க்கு அது 6,750. எஃப்.டி. கார்டு வாங்குகிற மாணவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை, லிமிட் முழுக்கத் தங்களுடையது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இறங்கிய ஸ்கோர் இரண்டு மாதத்தில் ஏறிவிட்டது, உயிர் போகிற விஷயமில்லை. ஆனால் அந்த மாதம் வண்டிக்கடனுக்கு விண்ணப்பித்திருந்தால் எரிச்சலாக இருந்திருக்கும்.

ஸ்கோர் விஷயத்தில் கார்டு சொன்னபடி நடந்துகொண்டது. 300-இலிருந்து 900 வரை போகிற அந்த எண் எனக்கு முதலில் இல்லவே இல்லை, ஆறு மாதம் ஆனதும் தோன்றியது, படித்து முடிக்கிற சமயத்தில் 740-ஐ ஒட்டி நின்றது. மினிமம் டியூ கூத்துக்குப் பிறகும் இவ்வளவு வந்ததற்குக் காரணம் அந்த இரண்டு நாள் தாமதத்தைத் தவிர ஒரு தேதியும் தவறாததுதான். இதைப் பார்க்கக் காசு கேட்கிற ஆப்களை நம்பாதீர்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று ஸ்கோர் போடுகிற நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும், அவரவர் தளத்திலேயே எடுக்கலாம்.

ஒரு புகார் மட்டும் இன்னும் ஆறவில்லை. இறுதி செமஸ்டரில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு அழைப்பு. கார்டுக்குப் பாதுகாப்புத் திட்டம், தொலைந்தால் கவலையில்லை, ஓகேவா மேடம்? வாத்தியார் பார்க்கிறார் என்று “ஓகே ஓகே” என்று வைத்துவிட்டேன். அடுத்த பில்லில் 1,499 ரூபாய். நான் சொன்னது “ஓகே, அப்புறம் பேசலாம்” என்ற அர்த்தத்தில் என்று மெயில் போட்டு, அந்த அழைப்பின் பதிவைத் தரச் சொல்லிக் கேட்டதும் பதினைந்து நாளில் திருப்பிப் போட்டார்கள். பதிவைக் கேட்காமல் வெறுமனே கெஞ்சியிருந்தால் கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்ப்பாளருக்கு, ஆன்லைனிலேயே இலவசமாகப் புகார் போடலாம். மெயிலில் அந்த வார்த்தையைக் குறிப்பிட்டாலே பதிலின் தொனி மாறுவதைப் பார்த்தேன்.

இனி சம்பளக் கார்டு. 2023-இல் ஓ.எம்.ஆரில் வேலை, தொரைப்பாக்கத்தில் பி.ஜி. சம்பளக் கணக்கு திறந்த மூன்றாவது மாதம் குறுஞ்செய்தி: உங்களுக்கு 1,20,000 ரூபாய் லிமிட்டில் கார்டு தயார். கையில் வருகிற சம்பளம் 27,000. இவர்கள்தான் போன வருடம்வரை 25,000-ஐப் பிடித்து வைத்துக்கொண்டு 22,500 தந்தவர்களின் ஜாதி. மால் வாசலில் நிற்கிற பையன்கள் வேறு, “மேடம் லைஃப்டைம் ஃப்ரீ, ஒரு ட்ராலி பேக் ஃப்ரீ” என்று பின்னாலேயே வருவார்கள். அந்தப் பையன்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் மாத டார்கெட், அவர்களுக்கும் நம் வயதுதான்.

நான் வாங்கினேன். வாங்கின அன்றே ஆப்பில் போய் லிமிட்டை 40,000-ஆகக் குறைத்தேன். இப்படிக் குறைக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் என் அறையில் இருந்த அக்கா மூன்று கார்டு வைத்திருந்தார். ஒன்றின் பில்லுக்கு இன்னொன்றில் பணம் எடுப்பார். ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் 50 நாள் சலுகை எதுவும் கிடையாது, எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம், பல கார்டுகளில் குறைந்தது 500 ரூபாய். 5,000 ரூபாய் எடுத்தால் எடுத்த இடத்திலேயே பத்தில் ஒரு பங்கு போச்சு. அவருக்கு வசூல் ஆட்கள் காலை ஏழு மணிக்கே அழைப்பார்கள். எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழு மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது என்று எடுத்துக்காட்டினேன். “விதியை அவன்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரலடி” என்றார். கடைசியில் ஊரில் நகையை வைத்து மூன்றையும் அடைத்தார். நகைக்கடன் ஒரு வட்டிக்குக் கீழே, கார்டு மூன்றரை வட்டிக்கு மேலே, அந்தக் கணக்கு அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

யு.பி.ஐ.யில் ரூபே கிரெடிட் கார்டை இணைப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது படிக்கிறவர்கள் கார்டை இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள், பிளாஸ்டிக்கை வெளியே எடுப்பதே இல்லை. 2022 செப்டம்பரில் வந்த வசதி. நண்பர்களுக்கு அனுப்ப முடியாது, கடை க்யூ.ஆர். மட்டும். என் சம்பளக் கார்டு ரூபே என்பதால் இரண்டு மாதம் செய்து பார்த்தேன். டீ 15, சமோசா 20, ஷேர் ஆட்டோ, மாவு பாக்கெட். ஸ்டேட்மெண்ட் ஐந்து பக்கம் வந்தது, எதையும் படிக்க முடியவில்லை, மொத்தம் மட்டும் வழக்கத்தைவிட இரண்டாயிரம் கூட. எங்கே போனது என்று இன்றும் தெரியாது. கழற்றிவிட்டேன். கட்டுப்பாடு உள்ளவர்கள் செய்துகொள்ளட்டும், எனக்கு அது ஒத்துவரவில்லை.

சரி, நோ காஸ்ட் இ.எம்.ஐ. பற்றிக் கேட்பீர்கள். வட்டி இல்லாத இ.எம்.ஐ. என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-இலேயே சொல்லிவிட்டது. வட்டியளவுக்கு விலையில் தள்ளுபடி காட்டுகிறார்கள், ஆனால் அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும் ப்ராசசிங் கட்டணமும் உங்கள் தலையில். போனுக்குச் சில நூறு ரூபாய் கூடப் போகும், அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் தப்பில்லை.

ஆக, எஃப்.டி. கார்டு வாங்கலாமா? மூன்றாம் வருடத்தில், கையில் தேவைக்கு மிஞ்சின ஒரு பதினைந்து, இருபதாயிரம் சும்மா கிடந்தால், வாங்கலாம். அது தருகிற கேஷ்பேக்குக்காக இல்லை, என் கார்டில் நாலு வருடத்தில் வந்த பாயிண்டுகளை மாற்றினால் ஒரு நல்ல பிரியாணிகூட வராது. இதன் பெரிய குணமே லிமிட் சிறியது என்பதுதான். 14,200 ரூபாய் கடனில் நான் கற்றுக்கொண்டதை அந்த அக்கா இரண்டரை லட்சத்தில் கற்றுக்கொண்டார். கடன் வாங்கி எஃப்.டி. போட்டு கார்டு எடுக்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள், கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது வேண்டாம். கார்டுக்கு ஐந்துக்கு மூன்றரை. ஆப்புக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜை சாருக்கு ஐந்துக்கு ஐந்து.

மூடலாமா என்று போன மாதம் யோசித்தேன். பாக்கி இல்லாமல் மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பது விதி, அதனால் பயம் இல்லை. ஆனால் என் பழைய கடன் வரலாறே இந்தக் கார்டுதான், மூடினால் ஸ்கோரில் கொஞ்சம் இடிக்கும். மொபைல் ரீசார்ஜ் ஒன்றை மட்டும் அதில் விட்டு வைத்திருக்கிறேன், ஆட்டோ பே பார்த்துக்கொள்கிறது. உள்ளே பூட்டிக் கிடக்கிற 25,000 இப்போது 31,000 சொச்சம் ஆகியிருக்கிறது. அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“சீட்டுல போட்டிருந்தா இதைவிட வந்திருக்கும்.”